பைக்குள் போன கை

பதினொரு நாள் நான் கத்தி வைத்திருந்தேன்.
மடிக்கிற சாதி. ஆரஞ்சுப் பிடி.
மத்திய வீதியில் வலை விற்கிற கடையில்
தூண்டில் முள்ளுக்கும் ஈயக் குண்டுக்கும் நடுவே கிடந்தது,
ஆயிரத்து இருநூறு ரூபாய்.
மீனுக்கோ, என்று கேட்டார் கடைக்காரர்.
ஓம் என்றேன்.
மீன் நான் தின்பதில்லை.

செவ்வாயும் வெள்ளியும் உவர்மலை மண்டபத்தில்
இருபத்தாறு பேருக்குக் கராத்தே பழக்குகிறேன்.
வெறுங்கையே போதும் என்று
அங்கே சுவரில் எழுதி வைத்ததும் நான்தான்.
மற்ற நாளெல்லாம் மருந்துக்கடை. ஒன்பதரைக்குப் பூட்டு.
பிறகு ஸ்கூட்டி, உட்துறைமுக வீதி,
ஒரு பக்கம் கறுத்த தண்ணீர், மறுபக்கம் மதில்,
நடுவில் எரியாத மூன்று விளக்குக் கம்பம்.
அந்த மூன்று கம்பத்துக்காகத்தான் வாங்கினேன்.

பதினாலு வயதில், சோதனைச் சாவடியில்,
என் கொம்பாஸ் பெட்டியைத் திறந்த ஒருவன்
கவராயத்தின் முனையைத் தன் பெருவிரலில்
மெல்ல அழுத்திப் பார்த்தான்.
இரத்தம் வரவில்லை. திருப்பித் தந்தான்.
அதற்குப் பிறகு என் பைக்குள்
கூராக ஏதும் இருந்ததில்லை.
இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டும்.
எந்த மொழியில் என்பது இரண்டாவது கேள்வி.

கத்தி வந்தபின்
எல்லாருடைய கையும் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன்.
கச்சான் சுருட்டித் தருகிறவரின் கை.
மருந்துத் துண்டை நீட்டுகிற கை.
பூசை முடிந்து வருகிறவர்களின்
திருநீறு அப்பிய கை.

பதினோராம் இரவு
பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள்.
ஹோர்ன் அடித்தான். லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான்.
நான் வேகம் கூட்ட அவனும் கூட்டினான்.
இரண்டாவது கம்பத்தடியில் பக்கத்தில் வந்தான்.
என் இடது கை பைக்குள் போனது.
சாவிக்கொத்து. பனடோல் அட்டை. சில்லறை.
சீப்பு. மறுபடி சாவிக்கொத்து.
பத்தொன்பது வருடம் பழக்கிய கை
ஒரு கைப்பைக்குள் வழி தவறி நின்றது,
தடுக்கவுமில்லை, அடிக்கவுமில்லை,
பிரேக்கைக்கூடப் பிடிக்கவில்லை.

அக்கா, ஸ்டாண்ட்!
ஸ்டாண்ட் எடுக்கேல்ல, வளைவில விழுந்திடுவியள்!

கத்திவிட்டுப் போய்விட்டான்.
முதுகில் சாப்பாடு கொண்டுபோகிற பெட்டி.
அப்போதுதான் விரலில் பட்டது
ஆரஞ்சுப் பிடி.

சப்ரினாவிடம் சொன்னேன், சிரிப்பாள் என்று.
பிரவுண் பெல்ட். ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி,
ஜமாலியா வரைக்கும் தனியே போகிறவள்.
அவள் சிரிக்கவில்லை.
உனக்கு வந்தவன் ஸ்டாண்டைச் சொல்ல வந்தவன்.
எனக்கு வந்தவன் அப்படியில்ல.
கத்தி பிழையில்ல மிஸ், பைக்குள்ள வெச்சதுதான் பிழை
என்றபடி
முக்காட்டு ஊசியைச் சரிசெய்தாள்.
அந்த ஊசி அவ்வளவு நீளம் என்று
அன்றைக்குத்தான் கண்டேன்.
என் சுவரில் எழுதியதை
அவளுக்கு எப்படிச் சொல்வது?

கோட்டை வாசலில் ஒரு கலைமான்
ரொட்டி சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது.
கொம்பு விழுந்து, நெற்றியில் இரண்டு குமிழ்.
முளைக்கிறது, விழுகிறது, திரும்ப முளைக்கிறது.
கொம்பு இருக்கிற மாதத்திலும் அது
நாயைக் கண்டால் ஓடத்தான் செய்கிறது.
அதற்காக யாரும் கொம்பை வேண்டாம் என்று
மானிடம் சொன்னதுமில்லை.

கத்தி இப்போது கடையில்,
மருந்துப் பெட்டிகளின் டேப்பை அறுக்கிறது.
நல்ல கத்திதான்.
இரவு பூட்டும்போது லாச்சியில் போடுகிறேன்.
சில இரவு போட மறந்துவிடுகிறது.
உண்மையில் மறந்ததா என்று
இரண்டாவது கம்பத்தடியில் ஒருமுறை
என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

விளக்குக்குச் சபைக்கு இரண்டு கடிதம் போட்டாயிற்று.
ஸ்டாண்டை மட்டும்
புறப்பட முன் குனிந்து பார்க்கிறேன்.